கியர்ப் பெட்டியும் உத்தரவாதச் சீட்டும்

மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, புணேயிலிருந்து நண்பர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தஞ்சை மாவட்டத்துக்காரர், பல ஆண்டுகளாக அந்நகரத்தில் ஓர் எந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வருபவர். அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை. மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் அந்த அம்மையாருக்கு இடது கணுக்கால் முறிந்து, கட்டுப் பிரித்தும் வலி நீங்காமல் இருந்தது. நெடுநேரம் கிளட்சை மிதிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழி முழுவதும் நெரிசல். கிளட்சை மிதிக்காமல் அந்த வழியில் நூறு கஜம் போக முடியாது.

வண்டி வாங்கிப் பதினான்கு மாதமே ஆகியிருந்தது. ஊருக்கு வந்திருந்தபோது கோயம்புத்தூரில் வாங்கிப் புணேக்கு ஓட்டிச் சென்ற வண்டி. உற்பத்தியாளரின் உத்தரவாதம் இன்னும் பாக்கியிருந்தது. இந்நிலையில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அதே வகை வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கி வந்திருக்கிறது. அதில் இருப்பது ஆட்டோமாட்டிக் கியர்ப் பெட்டி. அதைக் கழற்றி இந்த வண்டியில் பொருத்திவிட்டால் கிளட்ச் மிதியே வேண்டியதில்லை என்பது அந்த யோசனை. நண்பர் வண்டி விற்ற நிறுவனத்தின் புணே கிளைக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த மேலாளர், "தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், உத்தரவாதத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று சிரித்த முகத்துடன் சொல்லி அனுப்பினாராம்.

"செய்யலாமா அண்ணா?" என்று கேட்டார் நண்பர்.

"அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் பிறகு பேசுவோம்" என்றேன்.

மறுநாள் மாலை மீண்டும் அழைத்தார். எழுதித் தர மாட்டார்களாம். நேற்று சொன்ன மேலாளர், தாம் அப்படிச் சொன்னதாகவே நினைவில்லை என்றாராம்.

இந்த ஒரு கேள்வியை ஆராயப் புகுந்தால் எந்திர சாஸ்திரமும் சட்டமும் வாணிக வழக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இது நேரக் கூடியதே. ஓர் ஊரில் வாங்கி, மற்றோர் ஊரில் ஓட்டி, மூன்றாவது ஊரில் பழுது பார்க்கும் வாழ்க்கை நம்முடையது. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கியர்ப் பெட்டியின் வேலையைப் பார்ப்போம். எஞ்சின் தன் போக்கில் நிமிடத்துக்கு 800 சுற்று முதல் 6,000 சுற்று வரை சுழலும். அதற்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். சக்கரங்களின் நிலை வேறு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 280 சுற்றுத்தான் சுற்றுகிறது. இந்த இரண்டையும் இசைவிப்பதே கியர்ப் பெட்டி. மேனுவல் வண்டியில் எஞ்சினைப் பெட்டியிலிருந்து பிரிப்பதும் சேர்ப்பதும் ஓட்டுபவரின் இடது கால். பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது இடது கை. ஆட்டோமாட்டிக் வண்டியில் இவ்விரண்டு வேலைகளையும் எந்திரமே செய்துகொள்கிறது.

எந்திரம் அதைச் செய்யும் முறையோ ஒன்றல்ல. எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்துவது ஒரு வகை. பற்சக்கரமே இல்லாமல், விரிந்து சுருங்கும் இரு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டையை ஓடவிடுவது மற்றொரு வகை. இரண்டு கிளட்சுகளை மாற்றி மாற்றிப் பிடிப்பது வேறொன்று. நான்காவதும் ஒன்று உண்டு. நம் நாட்டில் 2014-இல் ஒரு சிறிய காரில் குறைந்த விலைக்கு வந்து, அதன் பின் பல வண்டிகளுக்குப் பரவிய வகை அது. ஏ.எம்.டி. என்று அதைச் சொல்கிறார்கள். பழைய மேனுவல் பெட்டியேதான் உள்ளே இருக்கிறது. கிளட்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் மட்டும் ஓர் எந்திரக் கையைப் பொருத்தியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரர்களுக்குத் துணிச்சல் பிறப்பது இந்த நான்காம் வகையினால்தான். பெட்டி ஒன்றே அல்லவா, மேலே நாலு சாமானைப் பூட்டினால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். மரத்தாலும் இரும்பாலும் மட்டும் வண்டி செய்த காலமாயிருந்தால் அந்த நினைப்புச் சரியாகவே இருந்திருக்கும். இன்றைய வண்டியின் உறுப்புகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. கியரை மாற்றும் அந்தக் கணத்தில், "சற்றே விசையைக் குறை" என்று கியர்ப் பெட்டியின் கணினி எஞ்சினின் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. எஞ்சின் குறைக்கிறது, கியர் விழுகிறது, மறுபடி விசை ஏறுகிறது. மேனுவல் வண்டியாகப் பிறந்த வண்டியின் கணினிக்கு இந்தப் பாஷையே தெரியாது. கியர் பொதுநிலையில் இருந்தாலொழிய வண்டி கிளம்பக் கூடாது என்னும் பாதுகாப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு, திருடனைத் தடுக்கும் சாவிப் பூட்டு, இவை எல்லாம் அந்தப் பேச்சில் கலந்துகொள்பவை. கம்பி வடம் வேறு, தாங்கிகள் வேறு. சில வண்டிகளில் சக்கரத்துக்குச் செல்லும் அச்சுத் தண்டின் நீளமும் வேறு. ஆகவே பெட்டியை மாற்றுவது என்பது உண்மையில் பாதி வண்டியை மாற்றுவதாகும். திறமையுள்ள மெக்கானிக் அதையும் செய்து முடிப்பார். நம் மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் கழித்து மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனால், குற்றம் பெட்டியுடையதா, கம்பியுடையதா, கணினியுடையதா என்று எவராலும் துணிந்து சொல்ல முடியாது. உத்தரவாதம் என்பது அந்தத் துணிவின் பேரில் நிற்பது.

உத்தரவாதத்தைத் தருபவர் யார் என்பதையும் நம்மில் பலர் தெளிவாக அறிவதில்லை. டீலர் விற்கிறார், சாவியைக் கையில் கொடுத்து மாலை போட்டுப் படம் எடுக்கிறார், ஆயினும் வண்டியுடன் வரும் உத்தரவாதம் அவருடையதன்று, உற்பத்தியாளருடையது. டீலர் அதை நிறைவேற்றித் தரும் கை. அந்தக் கை வாயால் சொல்லும் வாக்கு, உற்பத்தியாளரை எளிதில் கட்டாது. உத்தரவாதப் புத்தகத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதே செல்லும். அதைப் பொறுமையாகப் படித்தால், அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டிக்குப் பொறுப்பில்லை என்னும் வாசகம் ஏதேனும் ஒரு வடிவத்தில் இருக்கும். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் என்று தனியாகப் பணம் கட்டி வாங்குவது வேறு ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை அதிலேயே பார்க்க வேண்டும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி எவரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. கியர்ப் பெட்டிக்கென்று பதிவுச் சான்றில் தனிக் கட்டம் இல்லையே என்று சிலர் வாதிக்கலாம். ஆனால் பல வண்டிகளில் ஆட்டோமாட்டிக் வகைக்கு மாதிரிப் பெயரே வேறு. அந்தப் பெயர் சான்றில் அச்சாகியிருக்கிறது. மேனுவல் என்று பெயர் தாங்கிய வண்டியில் கிளட்ச் மிதி இல்லாதிருந்தால், பார்க்கும் அதிகாரி கேட்கத்தான் கேட்பார். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், சட்டம் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் வேறொரு தலைவலியாக முடியும்.

அதே 2019 திருத்தத்தில் நமக்குச் சாதகமான ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு விதித்துரைக்கலாம். அவ்வாறு விதித்துரைத்த மாற்றங்களைச் செய்துகொண்டால், அந்தக் காரணத்துக்காக உற்பத்தியாளர் தந்த உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்பட மாட்டாது என்று 52-ஆம் பிரிவே கூறுகிறது. உத்தரவாதத்தைக் காக்கும் சட்டக் கவசம் இது ஒன்றுதான். இதன் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அரசு விதித்த தரத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்கு இக்கவசம் உண்டு. பழைய உதிரிச் சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து பூட்டுவதற்கு இல்லை.

மேலும் ஒரு வழி இருக்கிறது. உடற்குறையுள்ளவர் ஓட்டுவதற்காகவோ அவருக்காகவோ வண்டியைத் தகவமைத்துக்கொள்ளவும், பின்னர்ப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறவும் அதே பிரிவு வழிவிடுகிறது. இவ்வகை வண்டிகளுக்குக் கியர்ப் பெட்டியைத் தொடாமல், கிளட்ச் மிதியின் வேலையை மட்டும் ஒரு சிறு மோட்டாரோ வெற்றிடக் குழாயோ செய்யும்படி அமைந்த சாதனங்கள் கிடைக்கின்றன. புணேயில் உள்ள வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களின் ஒப்புதல் பெற்ற சாதனங்களும் அவற்றில் உண்டு. வாங்குமுன் அந்த ஒப்புதல் சான்றையும், அது எந்த மாதிரி வண்டிக்கு என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் சொல்வது சான்று ஆகாது.

என் நண்பரின் மனைவிக்கு இருந்ததோ நிரந்தரக் குறையன்று, ஆறிவரும் கால். அந்த வழியில் போக அவர் விரும்பவில்லை. விரும்பாததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். அதை நான் கேட்கவில்லை.

இங்கே எதிர்க் கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுவது நியாயம். வெளிப் பட்டறையில் கை வைத்தாலே உத்தரவாதம் போயிற்று என்று டீலர்கள் மிரட்டுவதுண்டு. அந்த மிரட்டல் முழுதும் சரியன்று. 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஒரு பெரிய தீர்ப்பளித்தது. மொத்த அபராதம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல். தனிப்பட்ட பட்டறையில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அங்கே செய்த தவறான வேலையால் சேதம் விளைந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் கூறிற்று. நிறுவனங்கள் இதை எதிர்த்து மேல் மன்றங்களுக்குச் சென்றன. ஆகவே கையில் வாள் கிடைத்துவிட்டதென்று மகிழ வேண்டாம். ஆயினும் பாட்டுப் பெட்டியை மாற்றியதைக் காரணங்காட்டிக் கியர்ப் பெட்டிக்கு உத்தரவாதம் மறுக்கும் டீலரிடம், இந்த நியாயத்தை எழுத்தில் எடுத்துக் காட்டலாம். கியர்ப் பெட்டியையே மாற்றிவிட்டு, கியர்ப் பெட்டிக்கு உத்தரவாதம் கேட்பவருக்கு இது உதவாது. எஞ்சினுக்கும் அச்சுத் தண்டுக்கும் கேட்டாலும், அந்தப் பெட்டியால் கெடவில்லை என்று வாதாட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது நாமாக வலியப் பெட்டியை மாற்றுவதைப் பற்றி. பெட்டி தானே கெட்டுப்போய், உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தரவேண்டி வரும்போது எப்படி நடந்துகொள்வது? உண்மையில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான்.

கியர் விழும்போது அறையும் ஓசையோ, வண்டி உதறிக் கிளம்புவதோ தெரிந்தால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். பக்கத்துப் பட்டறையில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுப் பிறகு டீலரிடம் போவோம் என்று நினைப்பது பெருந்தவறு. முத்திரை உடைந்த பெட்டியை அவர்கள் தொட மாட்டார்கள். வண்டியை ஒப்படைக்கும்போது ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை, நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதிவிட்டு, பிறகு அந்தக் குறையே பதிவாகவில்லை என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. தேதி, ஓடிய கிலோமீட்டர், கணினி காட்டிய பிழைக் குறியீடு இவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கிளட்ச் தட்டு தேயும் பொருள் என்று உத்தரவாதத்துக்கு வெளியே வைப்பது வழக்கம். ஆகையால் குறை தட்டில் என்று அவர்கள் முடிவு கட்டினால், எதைக் கண்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மாற்றித் தரும் பெட்டி புதியதா, செப்பனிட்டதா என்றும், அதற்கு உத்தரவாதம் எவ்வளவு காலம் என்றும் எழுதி வாங்குங்கள். பல நிறுவனங்கள் பழைய உத்தரவாதத்தின் எஞ்சிய காலத்தையே புதிய பாகத்துக்கும் தருகின்றன. மாற்றிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்குவதாக எண்ணி ஏமாந்தவர் உண்டு.

கியர்ப் பெட்டி கெட்டால் புது வண்டியே தரவேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அதற்குச் சட்டம் அவ்வளவு எளிதில் இடம் கொடாது. கிளட்ச் அமைப்பில் குறை என்று எழுந்த ஒரு வழக்கை 2006-இல் தீர்த்த உச்ச நீதிமன்றம், உத்தரவாத வாசகம் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கிறது, முழு வண்டியை மாற்றுவதை அன்று என்று கூறிற்று.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இங்கே இரண்டு செய்திகள் முக்கியமானவை. உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக நாடு முழுவதும் செல்லும். கோவையில் வாங்கியதைப் புணேயிலோ கான்பூரிலோ கேட்கலாம். ஆனால் இடையில் எந்தப் பராமரிப்பையும் தவறவிட்டிருக்கக் கூடாது. ஊர் மாறும்போது ரசீதுகள் பழைய வீட்டுப் பரணில் தங்கிவிடுவது நம் வழக்கம், "எண்ணெய் மாற்றிய ரசீது எங்கே?" என்ற ஒரு கேள்வியில் நியாயமான கோரிக்கைகள் கவிழ்ந்திருக்கின்றன. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி தங்கினால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அப்படி எண் மாறினால் அதையும் உத்தரவாதப் பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று வழக்குத் தொடுக்கும் இடம். 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்க் கட்சி இருக்குமிடத்திலோ, வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடியும். சூரத்தில் இருப்பவர் கோவைக்கு ரயில் ஏற வேண்டி வரும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முறையிடுபவர் வசிக்குமிடத்திலோ தொழில் செய்யுமிடத்திலோ வழக்கிட உரிமை தந்தது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். தமிழிலும் பேசலாம், மராட்டியோ குஜராத்தியோ சரளமாக வராத வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

புணே நண்பர் என்ன செய்தார் என்று நேயர்கள் கேட்கக் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பட்டறைக்காரர் கேட்ட தொகை, போகும் உத்தரவாதத்தின் மதிப்பு, பின்னால் விற்கும்போது மாற்றம் செய்த வண்டிக்கு எவரும் நல்ல விலை தராமை, இவை ஒரு பக்கம். மேனுவல் வண்டியைக் கொடுத்துவிட்டு அதே வகையில் ஓராண்டு பழகிய ஆட்டோமாட்டிக் வண்டியை வாங்கினால் கையிலிருந்து போகும் பணம் மறுபக்கம். இரண்டாவது கணக்கில் சிறிது நஷ்டம் அதிகம்தான். அதையே செய்தார்கள். வாங்கிய வண்டிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம் பாக்கி, அது புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதை இம்முறை அந்த அம்மையாரே டீலரிடம் கேட்டு, கடிதமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால் இப்போது நன்றாக ஆறிவிட்டதாம். இருந்தாலும், மறுபடி கிளட்ச் வண்டி ஓட்டுவதாயில்லை என்று சென்ற வாரம் சொன்னார்கள்.